சொந்தமா கட்டுற குட்டி பிளேனுக்கு இன்ஜின் மீட்டர் வயரிங் போடுறது எப்படி

வில்லியனூர் பக்கம் ஒரு ஷெட்டுல அண்ணன் ஒருத்தர் ரெண்டு சீட்டு பிளேன் கட்டிக்கிட்டு இருக்காரு, கிட்டா பெட்டியில வந்தது, இன்ஜின் ஜபிரு 2200, நாலு சிலிண்டர், காத்துல குளிர்ற டைப், 85 குதிரைசக்தி. நான் கடலூர் சிப்காட்ல கெமிக்கல் பிளான்ட்ல இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிறவன், தெர்மோகப்பிளும் டிரான்ஸ்மிட்டரும் லூப் செக்கிங்குமாவே வருஷங்கள் ஓடியிருக்கு. "தம்பி, பிளேனைப் பத்தி நீ கவலைப்படாத, அதை நான் பார்த்துக்கிறேன், மீட்டர் மட்டும் சரியா காட்டணும், அதை நீ வந்து பாரு"ன்னு கூப்பிட்டாரு. ஆறேழு மாசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயி உக்காந்து செஞ்சோம். அதுல கத்துக்கிட்டதை இந்த மாதிரி வேலை செய்யப்போற இன்னொருத்தருக்கு உதவுமேன்னு எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். மீட்டர் வேலை செய்யலைன்னா பரவால்ல, பைலட்டுக்கு அது தெரிஞ்சுடும், இறங்கிடுவாரு. மீட்டர் வேலை செய்யுது ஆனா தப்பு நம்பர் காட்டுதுங்கிறதுதான் ஆபத்து, ஏன்னா அதை நம்பி த்ராட்டில் தள்ளுவாரு. நான் பார்த்த வரைக்கும் தப்பு நம்பர் வர்றது சென்சாராலயும் இல்ல டிஸ்பிளேயாலயும் இல்ல, நடுவுல இருக்கிற வயராலயும் எர்த்தாலயும்தான். அதனால இந்த வேலையை கடைசியில அவசரமா முடிக்கிற வேலையா வைக்காதீங்க.

இன்னொண்ணு, டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானத்துறை ஆபீஸ்) பேப்பர் வேலை முடியாம எதையும் தரையை விட்டு தூக்கக்கூடாது, இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவரு உங்க வயரிங் டிராயிங்கை கேட்பாரு, வாயால விளக்கி சமாளிக்க முடியாது. அதனால மொத நாள் வேலை கட்டிங் பிளேயர் எடுக்கிறது இல்ல, பேப்பர் எடுக்கிறதுதான். ஒவ்வொரு வயருக்கும் ஒரு நம்பர், எங்க ஆரம்பிக்குது, எந்த பின்ல முடியுது, என்ன கேஜ் (கம்பியோட தடிமன்), என்ன கலர், எந்த ஃபியூஸ். நாங்க 80 பக்க நோட்டு ஒண்ணு போட்டோம், பாதிக்கு மேல ரொம்பிடுச்சு. வயர் ரெண்டு முனையிலயும் அந்த நம்பரை பிரிண்ட் பண்ணி மேல ட்ரான்ஸ்பரென்ட் ஸ்லீவ் போட்டு சூடு காட்டிடுங்க. நம்பர் இல்லாத வயர் ஒண்ணு கூட பேனல் பின்னாடி போகக்கூடாது.

வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, இதை தயவுசெஞ்சு மறக்காதீங்க, நாலு சிலிண்டர்லயும் ஸ்பார்க் பிளக் கேப்பை கழட்டி வச்சுடுங்க. கார்ல இக்னிஷன் வயர் அறுந்தா வண்டி நின்னுடும். பிளேன் இன்ஜின்ல அப்படியே தலைகீழ், சுவிட்சை ஆஃப் பண்ணும்போது இக்னிஷனை நிறுத்துற கில் வயர் எர்த்துல ஒட்டும், அப்பத்தான் இக்னிஷன் சாகும். நீங்க வயரிங்குக்காக அந்த வயரை கழட்டி வச்சீங்கன்னா இக்னிஷன் உயிரோட இருக்குன்னு அர்த்தம், யாராவது வந்து ப்ரொப்பல்லரை கையால ஒரு தள்ளு தள்ளினா பத்திக்கிட்டு சுத்த வாய்ப்பு இருக்கு. ஷெட்டுக்கு வேடிக்கை பார்க்க வர்ற பசங்க மொதல்ல கை வைக்கிறது ப்ரொப்பல்லர்லதான்.

வயர் எது வாங்கணும்

நம்ம ஊரு கடலோரம். தேங்காய்த்திட்டு துறைமுகத்துல ஒரு ஃபைபர் படகோட இன்ஜின் வயரை வெட்டிப் பாருங்க, மேல பிவிசி பளபளன்னு இருக்கும், உள்ள காப்பர் கறுத்து, சில எடத்துல பச்சை பூத்து இருக்கும், அதுவும் முனையில மட்டும் இல்ல, ஒரு சாண் தூரம் உள்ள வரைக்கும் போயிருக்கும். உப்புக்காத்தும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்து கம்பி இழைக்கு நடுவுலயே ஏறிடும். அதனால வீட்டு வயரும் வேணாம், கார் வயரும் வேணாம். ஈயம் பூசின காப்பர் இழைக்கு மேல டெஃப்செல் இன்சுலேஷன் போட்ட வயர் வாங்குங்க, ஸ்பெக் நம்பர் மில்-டபிள்யூ-22759/16, 150 டிகிரி தாங்கும், 600 வோல்ட். பிவிசி எரிஞ்சா வர்ற புகை மூடின காக்பிட்ல மூச்சை அடைச்சிடும், டெஃப்செல் அவ்வளவு சுலபமா பத்தாது. வெலை அதிகம்தான், ஆனா சிக்னல் வயருக்கெல்லாம் 22 கேஜ் போதும், மொத்தமா அம்பது அறுவது மீட்டருக்கு மேல ஆகாது. மீட்டருக்கு போற சப்ளை 20 கேஜ் போடலாம். 22 கேஜுக்கு 5 ஆம்புக்கு மேல ஃபியூஸ் போடாதீங்க, நம்ம டிஸ்பிளே எடுக்கிற கரன்ட்டுக்கு 2 ஆம்போ 3 ஆம்போ போதும். ஃபியூஸ் காப்பாத்துறது வயரை, மீட்டரை இல்ல, அது ஞாபகம் இருந்தா எந்த எடத்துல வைக்கணும்ங்கிறதும் தானா வெளங்கும், கரன்ட் பிரிஞ்சு கெளம்புற பஸ் பார் பக்கத்துலயே வைக்கணும்.

முனைக்கு சால்டர் வேணாம், லக்கை (வயர் முனையில மாட்டுற உலோகக் காது) வச்சு க்ரிம்ப் பண்ணுங்க, அதாவது டூலால அமுக்கிப் புடிக்க வைங்க. சால்டர் ஏறின எடம் கம்பி மாதிரி விறைச்சுப்போயிடும், அது முடியுற எடத்துலதான் இன்ஜின் அதிர்வுக்கு வயர் ஒடியும். ராட்செட் வச்ச க்ரிம்பிங் டூல் வாங்குங்க, முழுசா அமுக்கினாத்தான் விடும், அந்த டைப். ஒவ்வொரு புது லக் பாக்கெட் பிரிக்கும்போதும் ஒரு சாம்பிள் க்ரிம்ப் பண்ணி அதுல 5 கிலோ அரிசிப் பையை தொங்கவிட்டுப் பார்ப்போம், உருவிக்கிட்டு வந்தா அந்த பாக்கெட்டும் டூல் செட்டிங்கும் சந்தேகம்.

அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ 1998ல போட்ட ஏசி 43.13-1பி-ன்னு ஒரு புத்தகம் இருக்கு, அதுல 11வது அத்தியாயம் முழுக்க வயரிங்தான். கேஜ் அட்டவணை, கட்டுற முறை, கிளாம்ப் தூரம் எல்லாம் அதுல இருக்கு. அதை பக்கத்துல வச்சுக்கிட்டே செய்யுங்க.

தெர்மோகப்பிள்

இதுதான் பெரிய பாகம், பொறுமையா படிங்க.

ஈஜிடின்னா எக்ஸாஸ்ட்ல போற புகையோட சூடு, சிஎச்டின்னா சிலிண்டர் ஹெட்டோட சூடு. ஈஜிடிக்கு டைப் கே தெர்மோகப்பிள்தான், 700, 800 டிகிரி போகும்ல. சிஎச்டிக்கு ஸ்பார்க் பிளக்குக்கு அடியில வாஷர் மாதிரி உக்கார்ற ரிங் டைப் வரும், நாங்க வாங்கினது டைப் ஜே, சில கம்பெனி கே குடுக்கும். தெர்மோகப்பிள்ங்கிறது ரெண்டு வேற வேற உலோகக் கம்பி, சூடான முனைக்கும் மீட்டர் முனைக்கும் இருக்கிற சூடு வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரி ஒரு குட்டி வோல்டேஜ் வரும். எவ்வளவு குட்டின்னா, டைப் கேல 700 டிகிரிக்கே 29 மில்லிவோல்ட்தான். ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட். இவ்வளவு சின்ன சிக்னலை வச்சு ஒரு இன்ஜினோட உயிரைப் பார்க்கிறோம்னு மனசுல வச்சுக்கிட்டா வயர்ல அலட்சியம் வராது.

ப்ரோப்ல இருந்து வர்ற வயர் பேனல் வரைக்கும் எட்டாது, நீட்டணும். அங்கதான் நிறைய பேரு கையில இருக்கிற காப்பர் வயரை போட்டு இழுத்துடுறாங்க. மீட்டர் வேலையும் செய்யும், சூடு ஏறினா நம்பரும் ஏறும், எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். ஆனா காப்பர் சேர்ந்த எடம் இன்ஜினை மூடுற கௌலிங்குக்குள்ள 70 டிகிரில இருக்கும், மீட்டர் பேனல்ல 35 டிகிரில இருக்கும், அந்த 35 டிகிரி வித்தியாசம் அப்படியே காணாமப்போயிடும். சிலிண்டர் ஹெட் 180 இருக்கும்போது 145ன்னு காட்டும். அதனால கேக்கு கே வயர், ஜேக்கு ஜே வயர், டிஸ்பிளே பின் வரைக்கும் அதே உலோகம் போகணும்.

நடுவுல ஜாயின்ட் போட்டே ஆகணும்னா பயப்பட வேணாம், ரெண்டு பக்கமும் அதே உலோகமா இருந்து நடுவுல சின்னதா ஒரு காப்பர் க்ரிம்ப் வந்தா அந்த க்ரிம்போட ரெண்டு முனையும் ஒரே சூட்டுல இருக்கிற வரைக்கும் கணக்குல ஒண்ணும் மாறாது. எக்ஸாஸ்ட் பைப்புக்கு ஒட்டி மட்டும் அந்த ஜாயின்ட்டை வைக்காதீங்க, ரெண்டு காலோட ஜாயின்ட்டும் பக்கம் பக்கமா, காத்து படுற எடமா பார்த்து வைங்க. டைப் கேயோட மைனஸ் கம்பியான அலுமெல்ல சாதா சால்டர் சரியா ஒட்டவும் ஒட்டாது, அதனாலயும் க்ரிம்ப்தான்.

அடுத்தது கலர். அமெரிக்க ரகத்துல டைப் கே மஞ்சளும் சிவப்பும், டைப் ஜே வெள்ளையும் சிவப்பும். இதுல சிவப்பு மைனஸ். வாழ்நாள் முழுக்க சிவப்புன்னா ப்ளஸ்னு பழகின கை தானா மாத்தி போட்டுடும். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா நம்பர் தலைகீழா எறங்கும், உடனே கண்டுபிடிச்சிடலாம். ஆனா நீட்டுற வயரை ரெண்டு முனையிலயும் மாத்திட்டீங்கன்னா சூடு ஏற ஏற நம்பரும் ஒழுங்கா ஏறும், ஜாயின்ட்டுக்கும் பேனலுக்கும் இருக்கிற வித்தியாசத்துல ரெண்டு மடங்கு தப்பு வரும், மேல சொன்ன அதே கணக்குல 70 டிகிரி கம்மியா காட்டும். பிளான்ட்ல இந்த தப்பு வருஷக்கணக்கா யார் கண்ணுலயும் படாம இருந்து நான் பார்த்திருக்கேன், அங்க அது ஒரு டேங்க், இங்க ஒரு மனுஷன் உக்காந்திருப்பாரு.

ஒருநாள் நடந்ததை சொல்றேன். நாலாவது சிலிண்டர் ரிங்கை மாட்டும்போது வயர் வாய்க்கிட்ட ஒடிஞ்சு போச்சு, அண்ணன் வேற ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, பார்க்க அச்சு அசல் அதே ரிங், வயர் மேல கண்ணாடி நார் பின்னல், கலர் இழை வெளுத்துப்போயி மஞ்சளா வெள்ளையான்னு வெளிச்சத்துல வச்சுப் பார்த்தும் தெரியல. டிஸ்பிளேல சிஎச்டி எல்லாம் டைப் ஜேன்னு செட்டிங். மாட்டுறதுக்கு முன்னாடி வழக்கம்போல ஒரு சட்டியில தண்ணி கொதிக்க வச்சு நாலு ரிங்கையும் ஒண்ணா உள்ள விட்டோம். மூணு ரிங் 99, 100, 100ன்னு நிக்குது, நாலாவது 85ல நின்னுடுச்சு. அண்ணன் "புதுசு தம்பி, கொஞ்ச நேரம் விட்டா ஏறும்"னாரு. ஏறல. நான் ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின ஒரு காந்தத்தை எடுத்து கம்பி கம்பியா தொட்டேன். டைப் ஜேல ப்ளஸ் கம்பி சுத்த இரும்பு, காந்தம் டக்குன்னு புடிக்கும், மைனஸ் புடிக்காது. டைப் கேல ப்ளஸ் புடிக்காது, மைனஸா இருக்கிற அலுமெல் கொஞ்சம் புடிக்கும். அந்த மூணு ரிங்லயும் வெள்ளைக் கம்பி புடிச்சுது, புதுசுல சிவப்புக் கம்பி புடிச்சுது. அவ்வளவுதான், அது டைப் கே. அதை அப்படியே மாட்டியிருந்தா நிஜமா 150 இருக்கும்போது 122 கிட்டத்தான் காட்டியிருக்கும், நாலாவது சிலிண்டர்தான் நல்லா குளிருதுன்னு சந்தோஷப்பட்டிருப்போம். அன்னைலேர்ந்து அந்த காந்தம் என் டூல் பையை விட்டு எறங்கல.

கொதிக்கிற தண்ணி டெஸ்டுக்கு நம்ம ஊரு ரொம்ப வசதி, கடல் மட்டத்துல இருக்கோம், தண்ணி 100லயே கொதிக்கும், ஊட்டியில செஞ்சா கணக்கு வேற. ரிங்கோ ப்ரோப் நுனியோ சட்டி அடியில படாம நடுத்தண்ணியில தொங்கணும். இண்டக்ஷன் ஸ்டவ்ல வைக்காதீங்க, அதோட காந்தப்புலம் சிக்னலை கலைச்சிடும், கேஸ் ஸ்டவ்ல வைங்க. அடுத்து ஐஸை நல்லா நொறுக்கி கொஞ்சம் தண்ணி விட்டு கலக்கி அதுல வைங்க, 0 காட்டணும். ரெண்டுலயும் ரெண்டு டிகிரிக்குள்ள வந்தா வயர், பின், செட்டிங் எல்லாம் ஒரே டெஸ்டுல பாஸ். இதை ப்ரோப்போட மட்டும் செஞ்சு திருப்திப்படாதீங்க, பிளேன்ல போட்ட முழு வயரோட, அந்த டிஸ்பிளேலயே பார்க்கணும்.

பிளான்ட்ல மிச்சமான, தெர்மோகப்பிளை நீட்டுற காம்பன்சேட்டிங் கேபிள் ஒரு சுருள் என்கிட்ட இருந்துச்சு, அதையும் போடலாமான்னு யோசிச்சு வேணாம்னு விட்டேன். அது ஒத்தைக் கம்பி, அதிர்வுல ஒடியும், மேல பிவிசி வேற. பல இழை முறுக்கின தெர்மோகப்பிள் வயர்னு கேட்டு வாங்குங்க. பேட்டரியே இல்லாம ஓடுற பழைய முள்ளு மீட்டர் வச்சிருக்கிறவங்க கூட வந்த வயரை வெட்டாதீங்க, அதுல வயரோட ரெசிஸ்டன்ஸும் சேர்த்துத்தான் மீட்டரை செட் பண்ணியிருப்பாங்க, நீளமா இருந்தா சுருட்டி கட்டிடுங்க. டிஜிட்டலுக்கு அந்த கவலை இல்ல.

எக்ஸாஸ்ட் பைப்ல ஓட்டை போடுறது எல்லா சிலிண்டருக்கும் ஒரே தூரத்துல இருக்கணும், ஒண்ணு 5 சென்டிமீட்டர்ல ஒண்ணு 10 சென்டிமீட்டர்ல போட்டுட்டு ஏன் நம்பர் சேரலைன்னு கார்புரேட்டரை குடையக்கூடாது. உங்க இன்ஜின் மேனுவல்ல தூரம் போட்டிருக்கும், அதுதான் வேதம்.

பிரஷர், ஆயில் டெம்பரேச்சர்

ஆயிலையோ பெட்ரோலையோ பைப்புல காக்பிட்டுக்குள்ள கொண்டு வர்ற பழைய மெக்கானிக்கல் கேஜ் வேணவே வேணாம், லீக் ஆனா மடியிலதான் கொட்டும். ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவுல இருக்கிற தீத்தடுப்புச் சுவர்) அந்தப் பக்கம் சென்டர், அதாவது அளந்து சிக்னல் அனுப்புற சென்சார், இந்தப் பக்கம் வயர் மட்டும்.

சாதாரண விடிஓ கம்பெனி மாதிரி பிரஷர் சென்டர் ஒரு ரெசிஸ்டன்ஸ்தான், பிரஷர் இல்லாதப்ப சுமார் 10 ஓம், முழு பிரஷர்ல சுமார் 180 ஓம். இதுல ஒரு வம்பு இருக்கு, கவனிங்க. வயர் அறுந்தாலோ எர்த் போனாலோ ரெசிஸ்டன்ஸ் எல்லை இல்லாம போயிடும், மீட்டர் ஃபுல் பிரஷர்னு காட்டும். ஆயில் போன நேரத்துல வயரும் போச்சுன்னா அவ்வளவுதான். பிளான்ட்ல நாங்க உபயோகிக்கிற 4-20 மில்லிஆம்ப் டைப் இதுக்குத்தான் நல்லது, இப்ப வர்ற ரோட்டாக்ஸ் 912 இன்ஜின்லயும் பிரஷர் சென்சார் அந்த டைப்தான். 0 பிரஷர்ல கூட 4 மில்லிஆம்ப் ஓடும், அதனால 0 மில்லிஆம்ப் வந்தா வயர் அறுந்துடுச்சுன்னு டிஸ்பிளேவுக்கே தெரியும். 0-10 பார் சென்சார்னா 12 மில்லிஆம்ப் வந்தா 5 பார், 250 ஓம் ரெசிஸ்டர் குறுக்க போட்டா 3 வோல்ட், மல்டிமீட்டர்லயே சரிபார்த்துக்கலாம். எந்த டைப் போட்டாலும் தனியா ஒரு ஆயில் பிரஷர் சுவிட்ச், தனி வயர், பேனல்ல ஒரு சிவப்பு லைட், அது டிஸ்பிளேயோட சேராம இருக்கட்டும்.

சென்டர் கனமான சாமான், அதை இன்ஜின் மேலயே திருகி வச்சா அதிர்வுல கழுத்து ஒடிஞ்சு ஆயில் பீச்சும். ஃபயர்வால்ல ஒரு பிராக்கெட் அடிச்சு அதுல மாட்டி, இன்ஜின்ல இருந்து ஃபயர் ஸ்லீவ் போட்ட ஹோஸ் எடுத்துட்டு வாங்க. அப்படி தள்ளி வச்சா ஒத்தை வயர் சென்டருக்கு இன்ஜின் பாடி எர்த் கிடைக்காது, தனியா எர்த் வயர் போடணும், இதை மறந்துட்டு சென்டர் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப்போட்டவங்க இருக்காங்க. இன்ஜின்லயே திருகுற ஆயில் டெம்பரேச்சர் சென்டருக்கு மரையில டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, எர்த் அந்த மரை வழியாத்தான் போகுது, பிஞ்ச டேப் துண்டு ஆயில் ஓட்டையை அடைக்கவும் செய்யும்.

எர்த்

அண்ணன் ஷெட்டுல ஒரு சாயந்திரம். இன்ஜினை கிரவுண்ட் ரன் பண்ணி நிறுத்திட்டு, ஆயில் டெம்பரேச்சர் 82 காட்டிக்கிட்டு இருக்கு, இருட்டுதுன்னு அண்ணன் லேண்டிங் லைட்டை போட்டாரு. நம்பர் 97க்கு குதிச்சுது. ஆஃப் பண்ணினாரு, 82. மறுபடி போட்டாரு, 97. நின்னுட்ட இன்ஜின்ல ஆயில் எப்படி ஒரு செகண்ட்ல 15 டிகிரி ஏறும்?

விஷயம் இதுதான். டிஸ்பிளேயோட எர்த், லைட்டோட எர்த், ரேடியோ எர்த் எல்லாத்தையும் ஒரே கறுப்பு வயர்ல மாலை கோத்த மாதிரி கோத்து ஃபயர்வாலுக்கு கொண்டு போயிருந்தாங்க, நான் வர்றதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் செஞ்ச வேலை. அந்த வயர் முடியுற லக்குல லேசா பச்சை பூத்திருந்துச்சு, 0.1 ஓம் இருக்கும். 55 வாட் லைட்டு 4.5 ஆம்ப் இழுக்குது, 0.1 ஓம்ல அது கிட்டத்தட்ட அரை வோல்ட். அதாவது லைட்டு போட்டதும் டிஸ்பிளே தன்னோட பூஜ்ஜியம்னு நெனைக்கிற எடம் நிஜ பூஜ்ஜியத்துக்கு மேல அரை வோல்ட் ஏறிடுச்சு. சென்டரோட எர்த் இன்ஜின்ல இருக்கு, அது நகரல. டிஸ்பிளே கண்ணுக்கு சென்டர் வோல்டேஜ் கொறைஞ்ச மாதிரி தெரியுது, ஆயில் டெம்பரேச்சர் சென்டர்ல சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் கொறையும், அதனால சூடு ஏறிடுச்சுன்னு கணக்கு போடுது.

சரி பண்ணினது இப்படி. ஃபயர்வால்ல ஒரே எடத்துல ஒரு பித்தளைத் தகடு, நிறைய ஸ்பேட் முனை வச்சது, ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு இணைச்சது. பேட்டரி மைனஸ் நேரா அதுக்கு. இன்ஜின் பிளாக்ல இருந்து தடியான பின்னல் பட்டை அதுக்கு. டிஸ்பிளேக்கு தனி எர்த் வயர் அதுக்கு, சென்டர் எர்த் அதுக்கு, லைட்டுக்கு தனி, ரேடியோவுக்கு தனி. ஒவ்வொண்ணும் தன் வழியில வரணும், யாரும் யார் தோள்லயும் ஏறக்கூடாது. மறுபடி லைட்டு போட்டோம், 82 அசையவே இல்ல.

அந்த பின்னல் பட்டையை பத்தி ஒரு வார்த்தை. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, பாடியோட அதுக்கு மின் தொடர்பே கிடையாது. பட்டை போடாமலோ லூசாவோ விட்டா ஸ்டார்ட்டர் இழுக்கிற நூத்துக்கணக்கான ஆம்ப் வேற வழி தேடும், த்ராட்டில் கேபிள் வழியா, சோக் கேபிள் வழியா, உங்க சென்டர் எர்த் வயர் வழியா போயி அதையெல்லாம் சுட்டு எடுத்துடும். ஃபைபர் பாடி பிளேனா இருந்தா பாடி எர்த்ங்கிற பேச்சே இல்ல, எல்லாத்துக்கும் திரும்பி வர்ற வயர் போட்டே ஆகணும்.

இதை டெஸ்ட் பண்ண மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வைங்க, ஒரு முனை டிஸ்பிளேயோட எர்த் பின்ல, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல சுத்தமான ஒரு போல்ட்ல. இப்ப லேண்டிங் லைட், ஸ்ட்ரோப், ஃபியூல் பம்ப், ரேடியோன்னு ஒண்ணொண்ணா ஆன் பண்ணிட்டு வாங்க. 10 மில்லிவோல்ட்டுக்கு மேல எது தாண்டினாலும் நான் விடமாட்டேன், அந்த லைனை கழட்டி லக்கை மாத்திட்டுத்தான் அடுத்தது. பத்து நிமிஷ வேலை.

தெர்மோகப்பிள் சிவப்பை மட்டும் மைனஸ்தானேன்னு கொண்டு போயி இந்த தகட்டுல சேர்த்துடாதீங்க, அது ரெண்டு வயரும் நேரா டிஸ்பிளேக்குத்தான் போகணும்.

ஆர்பிஎம், ஷன்ட், வயர் போற பாதை

ஆர்பிஎம் சென்சாருக்கு முறுக்கின, மேல ஷீல்டு போட்ட வயர். ஷீல்டை டிஸ்பிளே பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் பண்ணினா ஷீல்டுலயே கரன்ட் ஓட ஆரம்பிக்கும். ஒரு சுத்துக்கு எத்தனை பல்ஸ்ங்கிற செட்டிங்கை மேனுவல் பார்த்து போட்டுட்டு, கையில புடிக்கிற ஆப்டிகல் டேக்கோமீட்டரால தூர நின்னு ஒருதரம் ஒத்துப் பாருங்க.

ஆம்ப் பார்க்கிறதுக்கு போடுற ஷன்ட்ங்கிற சின்ன ரெசிஸ்டர்ல இருந்து வர்ற ரெண்டு மெல்லிசு வயரும் நேரா பேட்டரி பலத்துல இருக்கு, எங்கயாவது உரசி பாடியில பட்டா தீப்பிடிக்கும். ரெண்டுலயும் ஷன்ட்டுக்கு ஒட்டினாப்புல 1 ஆம்ப் ஃபியூஸ் போடுங்க. இது நிறைய பேரு விடுற எடம்.

கில் வயரும் ஸ்டார்ட்டர் கேபிளும் தெர்மோகப்பிள் கட்டோட சேர்ந்து ஓடக்கூடாது, கட்டாயம் சந்திச்சாகணும்னா குறுக்க, ப்ளஸ் குறி மாதிரி தாண்டட்டும். ஃபயர்வால் ஓட்டைக்கு ரப்பர் க்ரோமெட் மட்டும் பத்தாது, தீ வந்தா உருகி வழி விட்டுடும், ஸ்டீல் கவரும் தீ தாங்குற சீலன்ட்டும் வேணும். எக்ஸாஸ்ட்கிட்ட பிளாஸ்டிக் கேபிள் டை போடாதீங்க, ரப்பர் வச்ச உலோக கிளாம்ப் போடுங்க. இன்ஜின்ல இருந்து ஃபயர்வாலுக்கு தாவுற எடத்துல கொஞ்சம் தொய்வு விடுங்க, இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதும் நிக்கும்போதும் நல்லா குலுங்கும். பேனல் பின்னாடி டி-சப் கனெக்டர்ல ஒவ்வொரு பின்னும் க்ளிக்னு உக்காந்துச்சான்னு மெதுவா இழுத்துப் பாருங்க.

மொத ஸ்டார்ட்

இன்ஜின் ஓடாம, மாஸ்டர் ஆன் பண்ணி மொதல்ல பாருங்க. காலையில ஷெட்டு குளுகுளுன்னு இருக்கும்போது நாலு சிஎச்டி, நாலு ஈஜிடி, ஆயில் டெம்பரேச்சர் எல்லாம் ஏறக்குறைய ஒரே நம்பர், அதாவது ஷெட்டோட சூட்டைத்தான் காட்டணும். ஒண்ணு மட்டும் 28ம் மத்ததெல்லாம் 31மா இருந்தா ஏன்னு கண்டுபிடிச்சுட்டுத்தான் அடுத்த வேலை. ஆயில் பிரஷர் 0, சிவப்பு லைட் எரியணும். ரேடியோ பட்டனை அமுக்கிப் பேசிப் பாருங்க, எந்த நம்பராவது ஆடினா அந்த வயர் ஆன்டெனா கேபிளுக்கு ரொம்ப ஒட்டி ஓடுது, தள்ளி கட்டுங்க.

அப்புறம் பிளக் கேப்பை மாட்டி, சக்கரத்துக்கு கட்டை குடுத்து, வாலை கட்டிப்போட்டு, முன்னாடி யாரும் இல்லைன்னு பார்த்து, ஒருத்தர் ஃபயர் எக்ஸ்டிங்குஷரோட பக்கவாட்டுல நிக்க, ஸ்டார்ட். 10 செகண்டுக்குள்ள ஆயில் பிரஷர் எழும்பலைன்னா உடனே ஆஃப், மீட்டர்தான் தப்பா இருக்கும்னு நெனைச்சு ஓட விடாதீங்க. ஒருத்தர் த்ராட்டில், இன்னொருத்தர் நோட்டுல ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் எல்லா நம்பரையும் எழுதட்டும். அந்த பக்கத்தை பத்திரமா வைங்க, பின்னால ஏதாவது சந்தேகம் வரும்போது நல்ல நாள்ல இந்த இன்ஜின் என்ன காட்டிச்சுன்னு ஒத்துப் பார்க்க அது ஒண்ணுதான் இருக்கும்.

ரன் முடிஞ்சு ஆறினதும் ஒவ்வொரு லக்கையும் ஸ்பேனர் வச்சு ஒருதரம் தொட்டுப் பாருங்க, அதிர்வுல சிலது எறங்கியிருக்கும். டைட் பண்ணின ஒவ்வொரு நட்டு மேலயும் பெயின்ட் மார்க் ஒரு கோடு போட்டுடுங்க, நகர்ந்தா கோடு ஒடிஞ்சு தெரியும். மழைக்காலம் முடிஞ்சு தை மாசம் பொறந்ததும் எர்த் தகட்டுல இருக்கிற ஸ்பேட் ஒண்ணொண்ணா உருவி பச்சை இருக்கான்னு பார்க்கணும், அந்த மில்லிவோல்ட் டெஸ்டையும் அப்பவே மறுபடி செஞ்சு, வந்த நம்பரை போன வருஷ நம்பருக்கு பக்கத்துலயே தேதி போட்டு எழுதி வைக்கணும்.